பிக்கப் ஓட்டத்தின் சரித்திரமும் சித்தியின் தேசிக்காயும்

ஒலிவாங்கி பிடிக்கிற வேலையில் ஒரு அநியாயம் உண்டு: நாள் முழுக்கக் கதைக்கிறவளுக்குச் சொந்தக் கருத்து எதுவும் இருக்கக்கூடாது. கோயில் திருவிழாவிலும் கலியாண மண்டபத்திலும் தொண்டை கிழிந்த அறிவிப்பாளர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

நான் சூரிச் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறேன். கோடையில் ஒரு சனிக்கிழமை மட்டும், நகரின் ஓர்லிகோன் பகுதியிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிற கிராமத்து ஸ்பீட்வேயில் அறிவிப்பாளர். ஸ்பீட்வே என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். முட்டை வடிவில் ஒரு மண் ஓடுபாதை, சுற்றிவர மாடுகள். அங்கே வருடாவருடம் பிக்கப் வாகனங்களுக்கு ஓட்டப்போட்டி நடக்கும். ஓட்டங்களுக்கு இடையில் அந்தப் போட்டியின் சரித்திரத்தை நான் சொல்லவேண்டும். சரித்திரம் படிக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று துள்ளிக்கொண்டுதான் போனேன்.

ஆதாரம் எங்கே?

சங்கத் தலைவர் புரூனோ மாட்டுப் பண்ணைக்காரர். சரித்திரத்தை அவரே எனக்கு வாயால் சொல்லித் தந்தார். அவருடைய அப்பாவும் அயலவர் ஒருவரும், யாருடைய பிக்கப் பாலை முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று மதுச்சாலையில் வாய்த்தர்க்கப்பட்டு, அடுத்த நாள் ஓடிப் பார்த்தார்களாம். அப்பாதான் வென்றாராம். நான் அதை உருகி உருகி ஒலிபரப்பி முடிக்கவில்லை, என் அறிவிப்புக் கூண்டின் மரப்படி அதிர ஒரு மனிசி மேலே ஏறி வந்தா. பெயர் ஃப்ரேனி, கூரை வேலை செய்கிற குடும்பத்து மருமகள். ஓட்டத்தைத் தொடங்கியது தன் மாமனார், ஏற்றியது பால் அல்ல, கூரை ஓடுகள், வென்றதும் அவர்தான் என்று அடித்துச் சொன்னா. நான் பல்கலைக்கழகத்துப் பழக்கத்தில் ஆதாரம் கேட்டேன். “ஆதாரம் சேமக்காலையில, கல்லறைக்குள்ள படுத்திருக்கு. போய்க் கேளும்!”

நியாயம் கேட்டுப் புரூனோவிடம் ஓடினேன். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்கமுடியும்? அவர் தொத்திறைச்சியைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்: “காலமை என்ர அப்பா, மத்தியானம் அவவின்ர மாமனார். பின்னேரம் எல்லாரும் பியர் குடிச்சிருப்பினம், அப்ப விரும்பினதைச் சொல்லும்.”

நான் தயாரித்து வைத்த பேச்சு

இரண்டாம் வருடம் வேலியடியில் நின்ற கிழவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: “இந்தப் பெட்டையை மாத்துங்கோ, கேக்க ஏலாமல் கிடக்கு!” இந்தக் கணத்துக்காகத்தானே பள்ளிக்கூடம் தொட்டு ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருக்கிறேன்! படியிறங்கிப் போனேன். நான் இங்கே பிறந்தவள், என் தோலின் நிறம் உங்களுக்குத் தடையோ, என்று மூச்சுவிடாமல் பொழிந்தேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கிழவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“உம்மட நிறத்தைப் பற்றி ஆர் கதைச்சது? அந்தச் சூரிச் நகரத்து ஜெர்மன் பேச்சை நிற்பாட்டும், எங்கட ஊர்க் காது கூசுது!”

பிக்கப் எது, கைப்பை எது

போட்டியில் ஒரே ஒரு பெரிய விதி உண்டு. ஓடுகிற பிக்கப், வார நாளில் உழைக்கிற வாகனமாக இருக்கவேண்டும். பின்தட்டில் அதன் வேலைச்சாமான் ஏற்றியபடிதான் ஓடவேண்டும். தச்சன் பலகையோடு, பண்ணைக்காரன் தீவனத்தோடு. சூரிச் வங்கி ஒன்றில் வேலை செய்கிற மனிசன் ஒருவர் கண்ணாடி மாதிரி மினுங்கும் பிக்கப்போடு வந்தார். பின்தட்டில் ஒரு கீறல் இல்லை. கீறல் இருக்கவேண்டும் என்று எந்த விதி சொல்கிறது என்று நான் அவருக்காக வாதாடினேன். வங்கிக்காரரோ இரவல் வைக்கோல் கட்டு ஒன்றைப் பின்னால் தூக்கிப் போட்டு, கட்டக் கயிறும் இல்லாமல், தானும் விவசாயி என்றார். புரூனோ அவரை ஓட விட்டார். ஆனால் என் காதுக்குள் சொன்னார்: “விதிப்படி பிக்கப்தான். கண்ணாலை பார்த்தால் கைப்பை.”

சித்திக்கு வந்த ஆசை

மூன்றாம் வருடம் எனக்குச் சோறு கொண்டு வந்தா சுகுணா சித்தி. சித்தி ஓர்லிகோனில் ஆறு கட்டடங்களுக்கு ஹவுஸ்வார்ட். படிக்கட்டுத் துடைப்பது, புல்லு வெட்டுவது, பனிக்கு உப்புப் போடுவது எல்லாம் அவதான். பிக்கப்பில் திரிந்துதான் வேலை. ஒரு ஓட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, “இதையோ ஓட்டம் எண்டு சொல்லுறியள்? பனிக்காலத்தில நான் இதைவிட வேகமா உப்புப் போடுறன்,” என்றா. பிறகு குரலைத் தணித்தா. “ஆறு கட்டடத்துச் சனமும் என்னை ஹவுஸ்வார்ட் எண்டுதான் கூப்பிடுதுகள் பிள்ளை. நான் இதில ஓடினால் என்ர பேரை இந்த மைக்குக்குள்ளால சொல்லுவியோ? முழுப் பேரையும்?”

புரூனோ மறுத்தார். பெண்கள் ஓடியதில்லை. எந்த விதியில் அப்படி இருக்கிறது? விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. வழக்கத்தை எழுதி வைத்தது யார்? யாரும் எழுதவில்லை, அதனால்தான் வழக்கம். எனக்குத் தலை வெடித்தது. கடைசியில், பழைய குடும்பம் ஒன்று சங்கத்தின் மதுச்சாலைக் கூட்டத்தில் ஆதரவாகக் கை தூக்கினால் யோசிக்கலாம் என்றார். நான் நேரே ஃப்ரேனியிடம் போனேன். முதல் பெண்ணைக் கொண்டு வந்த பெருமை புரூனோ வீட்டுக்குப் போனால் சரித்திரத்தில் அதையும் நான் வாசிக்க வேண்டி வருமே, என்று கவலையோடு கேட்டேன். அவ கதிரையை விட்டு எழும்பிவிட்டா: “நான் செத்தாலும் அதைக் கேக்கமாட்டன். எப்ப கை தூக்கவேணும்?”

சில்லுக்குக் கீழே

அடுத்த கோடையில் சித்தி தொடக்கக் கோட்டுக்கு வந்தா. பின்தட்டில் புல்லு வெட்டும் மெஷின், வாளி, தும்புத்தடி. எனக்கு ஒரே ஒரு கொதி: புதுசாக வருகிறவர்கள் முதல் வருடம் சொந்தப் பெயரில் ஓடக்கூடாதாம், அதுவும் வழக்கமாம். ‘ஃப்ரேனி வீட்டு விருந்தாளி’ என்றுதான் அறிவித்தேன். சித்தி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன்.

கொடி அசையப் போகிறது. சித்தி இறங்கி, ஊரில் புது வாகனத்துக்குச் செய்வதுபோல, நாலு சக்கரச் சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சம்பழத்தை, வைத்தா. பாதையில் வேறு பொருள் கிடக்கக்கூடாது என்று புரூனோ பாய்ந்து வந்தார். தேசிக்காய் நசியாமல் வாகனம் அசையாது என்று சித்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றா. மற்றப் பிக்கப்புகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. நான் ஒலிவாங்கியில் வழக்காடினேன்: பின்தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று விதி உண்டு, சில்லுக்குக் கீழே என்ன இருக்கக்கூடாது என்று விதியே இல்லை! அதற்குள் பக்கத்து வாகனத்துச் சீஸ் வியாபாரி கண்ணாடியை இறக்கி, அது வேலை செய்யுமோ என்று கேட்டார். சித்தி ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தா. ஐந்து நிமிடத்தில் எல்லாப் பிக்கப்புக்கும் கீழே தேசிக்காய். வங்கிக்காரர் தனக்கு மட்டும் இரண்டு கூடக் கேட்டார். கொடி அசைந்ததும் ஊரெல்லாம் தேசிக்காய் வாசம்!

சித்தி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தா. நான் கதிரையில் ஏறி நின்று குழறுகிறேன். அப்போது வங்கிக்காரரின் வைக்கோல் கட்டு வளைவில் விழுந்து சிதறியது. மஞ்சள் கொடி காட்ட எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். சித்தி குறைக்கவில்லை, நிற்பாட்டினா. இறங்கினா. தும்புத்தடியை எடுத்துப் பாதையைக் கூட்டத் தொடங்கினா! “சித்தி, ஏறுங்கோ!” என்று நான் தமிழில் அலறியது பக்கத்துக் கிராமம்வரை கேட்டிருக்கும். குப்பையைக் கண்டும் விட்டுப் போக அந்தக் கைகளுக்குத் தெரியாது. மூலை முடுக்கெல்லாம் கூட்டி, வைக்கோலைத் தன் பின்தட்டில் அள்ளிப் போட்டு, கடைசியாக வந்து சேர்ந்தா. சனம் எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. புரூனோ தொப்பியைக் கழற்றினார்: “ஓட்டம் முடியேக்கை பாதை தொடங்கினதைவிடத் துப்புரவா இருக்கிறது இதுதான் முதல் தரம்.”

காலமை யார், மத்தியானம் யார்

இந்த வருடம் போய் இறங்கினால், தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் முன்னால் வலைப்பையில் தேசிக்காய் தொங்குகிறது. புரூனோ சரித்திரத்தில் ஒரு வரி கூட்டிச் சொன்னார்: அவருடைய அப்பா அந்தக் காலத்திலேயே சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கிறவராம். ஃப்ரேனி படியேறி வந்து, வைத்தது தன் மாமனார் என்றா. ஒரே வருடத்தில்! எங்கள் கண் முன்னால்!

எனக்கு வந்த கோபத்தில் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தேன். காலமையும் இல்லை, மத்தியானமும் இல்லை, நடந்தது இதுதான் என்று தொடங்கி, சுகுணா சிவபாதம் என்ற முழுப் பெயரையும், தேசிக்காய்ப் பையையும், தும்புத்தடியையும், கடைசி இடத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆதாரம் எங்கே என்று இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கத்தின. அவர்கள் ஒற்றுமைப்பட்டதை அன்றுதான் கண்டேன். ஆதாரம் சேமக்காலையில் இல்லை, நாலாவது வரிசையில் பச்சைப் பிக்கப்புக்குள் இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்றேன். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேலியடிக் கிழவர்கூடக் கை தட்டினார். சித்தி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினா.

“பேர் வடிவாக் கேட்டது பிள்ளை. ஆனா கடைசியா வந்ததை என்னத்துக்கு ரெண்டு தரம் சொன்னனீ?”

முந்தி ஓடினவர்கள்தான் சரித்திரம் எழுதுவார்கள் என்று பல்கலைக்கழகத்தில் இன்னும் படிப்பிக்கிறார்கள், ஆனால் கடைசியாக வந்த சித்தியின் பெறாமகள் கையில் ஒலிவாங்கி இருந்தால் என்ன நடக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.