மூன்று வருடம் திறந்து கிடந்த சிபியு

செத்துப்போன மதர்போர்டைப் பிராசஸரோடு தூக்கிக்கொண்டு இன்று திருவொற்றியூர் கடைக்குப் போனேன். இதே பிராசஸருக்குப் பொருந்தி, வேகத்தை ஏற்றும் ஓவர்கிளாக்கும் தாங்கும் போர்டு வேண்டும் என்றேன்.

கடைக்கார அண்ணன் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் துரு.

"வூடு கடலாண்டயா? பொட்டியத் தொறந்தே போட்டுகினு இருந்தியா நைனா?"

"ஆமாண்ணா. வேகத்தை ஏத்தினா சூடாகுதே, காத்து வேணும்ல?"

"அது உப்புக் காத்து. போர்டத் துன்னுடுச்சு."

பிறகு பிராசஸரைத் துடைத்து, அதன் மேலிருந்த நம்பரைப் படித்தார்.

"இது லாக் பண்ண மாடலு. எந்த போர்டுல மாட்னாலும் வேகம் ஏறாது. இம்மா நாளா இன்னாத்த ஏத்திகினு இருந்த?"

சாதாரண போர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று வருடத்தில் என் வீட்டில் வேகமெடுத்தது துரு மட்டும்தான். உங்கள் வீட்டுப் பெட்டி மூடியிருக்கிறதா மக்களே?