கைக்கு எட்டும் பலகை

வேலைக்கு வந்த இந்தப் பாலைவன ஊரிலும் என் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் ஒரு வெள்ளை நூல்கயிறு இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் முடிச்சு. மறுமுனையிலிருந்து அந்த முடிச்சு வரைக்கும் மூன்று வயதில் என் உயரம். அத்தா முதல் தடவை சபர் கிளம்பியபோது என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தது. அப்பாவை அத்தா என்றும், வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை சபர் என்றும்தான் எங்கள் ஊரில் சொல்வோம். அங்கே கடைகளில் கவுனுக்குப் பக்கத்தில் அந்தக் கயிற்றைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குவாராம்.

நிலம் கைவிட்டதால் போனவர் அவர். மன்னார்குடிக்குக் கிழக்கே இருந்த கொஞ்ச வயலைக் குத்தகைக்கு விட்டு, வருகிற நெல்லில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தெருமுனையில் கட்சிக் கொடியும் வயலோரத்தில் சங்கக் கொடியுமாக, குத்தகைத் தகராறு ஊருக்கு ஊர் நடந்த காலம். எங்கள் வயலை உழுதவர் சட்டப்படி தன் பெயரைப் பதிந்துகொண்டார். "அவரு எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அத்தா கப்பலேறினார். கூடத்தை ஒட்டிய நீள அறையில், சுவர் நெடுக நெல் கொட்டி வைக்கிற மரப் பத்தாயம் காலியாக நின்றது.

அந்த அறைதான் எனக்கு விளையாட்டு அறை. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அத்தா ஊர்க்காரர்களிடம் கொடுத்தனுப்பிய பொம்மைகளை அம்மா அட்டைப்பெட்டி பிரிக்காமல் பத்தாயத்தின் தலையில் அடுக்கி வைத்திருந்தாள். உடைந்தால் அவர் வந்து கேட்பாரே என்று பயம். நான் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தேன், ஒன்றையும் தொட்டதில்லை.

ஐந்து வருடம் லீவு கிடைக்காமல் இருந்து வந்தவர், வந்த மறுநாளே பத்தாயத்தைப் பிரிக்கச் சொன்னார். அந்தப் பலகைகளை வைத்தே சுவர் நெடுகச் சாமான் வைக்க வழி செய்யலாம் என்று திட்டம். அம்மாவுக்கு ஷோகேஸ் ஆசை. தெருவில் பாதி வீடுகளில் வெளிநாட்டுப் பொம்மைகள் கண்ணாடிக்குப் பின்னால்தான் காலம் தள்ளின.

"கண்ணாடி போட்டுப் பூட்டி வச்சா தூசி படியாதுங்க" என்றாள்.

"பூட்டி வச்சு நீயா வெளையாடப் போற? எம் மவ கைக்கு எட்டணும். மேல ரெண்டு தட்டு ஒனக்கு, கீழ பூரா அவளுக்கு."

யோசித்துப் பார்த்தால் அத்தா சொன்னதுதான் புழங்கத் தோதான ஏற்பாடு. அளவில்தான் கோளாறு. "பாப்பா எவ்வளவு ஒசரங்க?" என்று ஆசாரி கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அத்தாவின் கை தன்னால் சட்டைப் பைக்குள் போய்க் கயிற்றை எடுத்தது. தரையிலிருந்து அதைத் தூக்கிப் பிடித்து, முடிச்சுக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். ஆசாரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தட்டுகள் அடித்து முடிந்ததும் "எடு பாப்போம்" என்றார் அத்தா. நான் பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, எட்டி எடுப்பவளைப் போலக் கையை உயர்த்தி ஒரு பொம்மையை எடுத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். லீவு முடியும்வரை அந்தத் தட்டுகளுக்கு முன்னால் நான் நிமிரவே இல்லை. அவர் கயிற்றளவுப் பிள்ளையைத் தேடித்தான் வந்திருக்கிறார், நிமிர்ந்தால் என்னை அவருக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

கிளம்புகிற நாளில் புது அளவு எடுக்க மறுபடி சுவரோரம் நிறுத்தினார். "நிமிந்து நில்லும்மா." நிமிர்ந்தேன். முடிச்சு என் நெஞ்சோடு நின்றுவிட்டது. அத்தா கயிற்றைப் பார்த்தார், பிறகு கயிற்றளவில் அடித்த தட்டைப் பார்த்தார்.

"ஏம்மா சொல்லல?"

"எட்டுச்சே அத்தா."

கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் அளவு எடுத்துப் போனதே இல்லை.

இப்போது அத்தா ஊரோடு இருக்கிறார், சபரில் இருப்பது நான். கணவர் இறந்தபிறகு மகளை அத்தா அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே ஒரு பள்ளியில் வேலைக்கு வந்தேன். பத்தாயப் பலகைகளைக் கரையான் தின்றுவிட்டதாம். போன வெள்ளிக்கிழமை அத்தா போனில் படத்தோடு கூப்பிட்டு, அந்தச் சுவருக்குப் புதிதாக அடிக்கிற தட்டுகளைக் காட்டினார். அவற்றைத் தாங்கும் தூண்களில் மேலிருந்து கீழ்வரை துளைகள். "புள்ள வளர வளர பலகைய ஏத்திக்கலாம்" என்றார். கயிறு மடியில் கிடக்க, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எந்த ஒசரத்துல வைக்கட்டுங்க?" என்று தச்சர் கேட்பது கேட்டது.

இத்தனை நாளும் போனில் நான் பார்த்தது மகளின் முகத்தை மட்டும்தான். அத்தாவுக்கு அது தெரிந்திருக்கிறது. "பின்னால போய் நில்லும்மா. ஒன் அம்மா முழுசாப் பாக்கட்டும்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே சுவர்வரைக்கும் போய் நின்றாள். முழுதாகத் தெரிந்தபோது என் விரல் நீளம்தான் இருந்தாள். அவள் முழங்கால் மடங்கியிருக்கிறதா என்று அந்தச் சின்னப் படத்தில் எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை.