மெயில் மேடம்

மைக்கை வாங்கியதும் அதன் தலையைத் துப்பட்டா முனையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் சங்கமித்ரா பேசவே தொடங்குவாள். பிறகு கல்லூரி அரங்கம் முழுவதையும் ஒரு பார்வை பார்ப்பாள். முன்னால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், பின்வரிசைகளில் அவர்களைப் பெற்றவர்கள். "ஃபோனை உள்ள வைக்கச் சொல்றவங்க எனக்கு முன்னாடியே பேசிட்டுப் போயிட்டாங்க. நான் மெயில் மேடம். ஃபோனை வெளிய எடுங்க" என்பாள், கன்னடத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. அந்த நொடியில் அரங்கம் அவள் கைக்கு வந்துவிடும். கல்லூரி மெயிலைத் திறப்பது எப்படி, வைஃபையில் சேர்வது எப்படி, ஓடிபி கேட்டு யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் டீ இடைவேளைக்குள் சொல்லி முடிப்பாள். கடைசியில் ஒரு பையன் கட்டாயம் எழுந்து, வைஃபையில் ரீல்ஸ் வருமா என்று கேட்பான். "வரும். அட்டெண்டன்ஸ்தான் வராது" என்பாள்.

மற்ற நாட்களில் அவளைப் பார்க்க பி பிளாக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் கவுண்ட்டருக்குப் போக வேண்டும். தமிழ்ப் பெண்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நின்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "பாஸ்வேர்டுன்றது உள்பாவாடை மாதிரிம்மா. கொடியில காயப் போட்டாலும் மேல ஒரு துண்டு இருக்கணும்." அவள் பிறந்து வளர்ந்ததும் இன்று குடியிருப்பதும் நீலசந்திரா. கல்லூரியில் கேட்டால், வசதியானவர்கள் வாழும் "ரிச்மண்ட் டவுன் பக்கம்" என்பாள். அம்மா ஆஸ்டின் டவுனில் வீட்டு வேலை செய்து தன்னைப் படிக்கவைத்ததையும் அங்கே யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லையே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருக்கிறாள்.

மேடையில் அவளுக்கென்று பெயர்பெற்ற அயிட்டம் ஒன்று உண்டு. அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைகள் கொடுத்த சொந்த மெயில் ஐடிகளில் வேடிக்கையானவற்றைப் பொறுக்கித் திரையில் பெரிதாகப் போடுவாள். க்யூட் ஏஞ்சல், டாடி பிரின்சஸ், லோன்லி சிங்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்தல். "இந்தச் சிங்கம் நாளைக்கு வேலைக்கு மெயில் போட்டா எச்ஆர்ல கூண்டுதான் தேடுவாங்க." ஐடியை வாய்விட்டுப் படிக்க மாட்டாள். யாருடையது என்றும் சொல்ல மாட்டாள். அதைத் தன் நாகரிகம் என்றே நினைத்திருந்தாள்.

இந்த வருடம் சிங்கத்துக்கு அடுத்தபடியாக, 'எல்எம் ஹவுஸ்கீப்பிங் பி' என்று தொடங்கும் ஒரு ஐடி திரையில் வந்தது. ஆங்கில எழுத்துகள் சுவர் அளவுக்கு நின்றன. சங்கமித்ரா வேகமான ஆங்கிலத்தில், "இவர் படிக்க வந்திருக்கிறாரா, தரை துடைக்க வந்திருக்கிறாரா?" என்று கேட்டாள். அரங்கம் அதிர்ந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வெடுக்கென்று திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். சங்கமித்ராவின் கண்ணும் கூடவே போயிற்று. அங்கே லட்சுமம்மா உட்கார்ந்திருந்தாள். தினமும் பி பிளாக்கைப் பெருக்கித் துடைக்கும் லட்சுமம்மா, அன்று சீருடை இல்லாமல், மயில்நீலச் சேலையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. மகள் பிரபாவுக்கு அதே கல்லூரியில் சீட் கிடைத்ததை பிளாக் முழுவதும் சொல்லி மகிழ்ந்தவள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கவும் வராது, கேட்டால் புரியவும் செய்யாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சங்கமித்ராவுக்கு உறைத்தது. அந்த ஐடியை உண்டாக்கிக் கொடுத்ததே தான்தான். கான்ட்ராக்டர் மெயில் ஐடி கேட்கிறார் என்று லட்சுமம்மா வந்து நின்ற ஒரு நாள், டீ ஆறுவதற்குள் ஏதோ ஒன்றைத் தட்டிக் கொடுத்து, அன்றே மறந்தும் போயிருந்தாள். பெயரைக்கூட முழுதாகப் போடாமல் 'எல்எம்' என்று சுருக்கியிருந்தாள். தனக்கென்று மெயில் இல்லாத மகள் அம்மாவுடையதைக் கொடுத்திருக்கிறாள்.

அங்கேயே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் செய்ததெல்லாம், கையிலிருந்த பொத்தானை அழுத்தி அடுத்த படத்துக்குப் போனதுதான். குரல்கூடத் தடுமாறவில்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பு கூசுகிறது. சென்டர் தலைவர் கோதண்டராமன், "இந்த வருஷமும் கலக்கிட்டம்மா" என்று கைகொடுத்தார். அவள் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனாள். அந்தப் படங்களையெல்லாம் அழித்தாள். அழித்த பிறகும் சிரிப்புச் சத்தம் போகவில்லை.

மற்ற பிள்ளைகள் எல்லோரும் கல்லூரி மெயிலைத் திறந்துகொண்டார்கள். பிரபா கவுண்ட்டர் பக்கமே வரவில்லை. லேப் ரெக்கார்டை மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொன்ன பிறகு வந்து நின்றாள்.

சங்கமித்ரா கணினியைப் பார்த்தபடியே, "இன்னொரு மெயில் ஐடி சொல்லும்மா. பாஸ்வேர்டு மறந்தா அதுக்குத்தான் வரும்" என்றாள்.

"அன்னிக்கு ஸ்கிரீன்ல போட்டீங்களே மேடம், அதுதான்."

விரல்கள் கீபோர்டிலேயே நின்றன. "பிரபா, அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. அது உங்க அம்மாதுன்னு எனக்கு..."

"வேற யாரோடதா இருந்தா பேசலாமா மேடம்?"

சங்கமித்ரா அந்த ஐடியைத் தட்டி முடித்தாள். அந்தப் பெண்ணே மேலே பேசினாள். "அம்மாக்கு ஒண்ணும் புரியல. நம்ம மித்ராம்மா மேடையில எப்படிப் பேசுச்சு பாரு, நீயும் அப்படி வரணும்னு, ஆனேக்கல்ல வீடு வர்ற வரைக்கும் பஸ்ல சொல்லிட்டே வந்தாங்க. நான் எதுவும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

மறுநாள் காலை லட்சுமம்மா வாளியும் மாப்புமாக உள்ளே வந்தாள். "பாப்பாக்கு மெயில் தொறந்து குடுத்தியாமே மித்ராம்மா. நல்லா இரு. ஸ்வல்ப கால தூக்கு."

சங்கமித்ரா கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். மேசைக்கு அடியில் மாப்பு போய்வந்தது.

"ஆமா, அன்னிக்கு எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்களே, இன்னா சொன்ன? பாப்பாவக் கேட்டா மறந்துட்டேன்றா."

சங்கமித்ரா அங்கேயே ஒன்றை இட்டுக்கட்டினாள். "ஒரு பையன் பாஸ்வேர்டை மறந்துட்டான். அது என்னன்னு கேட்டு, அதே மெயில்லேர்ந்து எனக்கு மெயில் போடுறேன்னான். அதைத்தான் சொன்னேன்."

லட்சுமம்மா மாப்பை ஊன்றி நின்று யோசித்தாள். "பாஸ்வேர்டு இல்லாம உள்ளயே போக முடியாதே, அப்பறம் எப்படி..." என்றவள், பிடிபட்டதும் உரக்கச் சிரித்தாள். "நல்ல ஆளும்மா நீ!" அதே சிரிப்போடு வாளியை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஃபேன் காற்றில் தரை காய்ந்துவிட்டது. கவுண்ட்டரில் ஆள் வந்து நின்றாயிற்று. சங்கமித்ரா தூக்கிய கால்களை இன்னும் கீழே வைக்கவில்லை.