நமக்குள்ளயே இருக்கட்டும்

"...அந்தப் புது வெர்ஷனைப் போடச் சொன்னதே நான்தான், இல்லைங்கல. அதான் இப்ப ஸ்டேபிளே போதும்னு எழுதிக் கொண்டுவந்திருக்கேன். பழசைக் கிளறாதே தம்பி. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் மேனேஜர். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாஷிமாவைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்று பேசிக்கொள்பவரைப் போலச் சிரித்தபடி சொன்னார். மாஷிமாவுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இந்தப் பேச்சை மேனேஜர் வாயால் கேட்கத்தான் நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்.

மாஷிமாவுக்கு லேக் கார்டன்ஸில் புடவைக் கடை. மாஷிமா என்றால் வங்காளியில் சித்தி; அங்கே எல்லாருக்கும் அவர் அந்த முறைதான், எனக்கும். மேனேஜரோ, நியூ டவுனில் வெப்சைட் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். அவருக்குப் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் பிறந்ததும் வளர்ந்ததும் கல்கத்தா. நான் காலேஜ் வாசல் மிதிக்காதவன். எங்கள் அப்பாவின் பலகாரக் கடையில் முறுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே, போனைப் பார்த்துப் பார்த்து இந்த வேலையைக் கற்றவன். "படிச்சவன் கேள்வி கேப்பான், இவன் வேலை பார்ப்பான்" என்று என் எதிரிலேயே சொல்லித்தான் மேனேஜர் என்னைச் சேர்த்துக்கொண்டார். நானும் கூடவே சிரித்தேன். பேச்சு அவருக்கு அப்படி வரும். நானோ யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்கிறவன். இன்றைக்கும் என் வாயில் வருவதில் பாதி அவருடையதுதான்.

வங்காளிகள் நடுவில் தமிழ் அவருக்கு ஒரு திரை. மீட்டிங்கில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, முகத்தில் மரியாதை கொஞ்சமும் குறையாமல், "தலையை ஆட்டறதைப் பாரு, தஞ்சாவூர் பொம்மை" என்பார். என்ன சொன்னீர்கள் என்று அந்த மனிதர் கேட்டால், "உங்கள் ரசனையைப் பாராட்டினேன், தாதா" என்று அண்ணன் முறை வைத்து வங்காளியில் குழைவார். தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும் இங்கே இதைச் செய்கிறோம். மீன்காரரிடம் விலை படியவில்லை என்றால் நாங்களும் தமிழுக்குத் தாவிவிடுவோம். அவர் அதிலேயே குடியிருந்தார்.

துர்கா பூஜைக்கு முன்னால் மாஷிமாவின் முதல் வெப்சைட் வேலை எங்களிடம் வந்தது. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஊர் உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஸ்டேபிள் வெர்ஷன். இன்னொன்று, வெளிவரக் காத்திருந்த புதியது. அந்த நிலையில் இருப்பதை எங்கள் தொழிலில் 'ரிலீஸ் கேண்டிடேட்' என்பார்கள். மேனேஜர் அதற்கு வேறு பெயர் வைத்தார். "மாப்பிள்ளை மண்டபத்துக்கே வந்தாச்சுடா. தாலி கட்டறதுதான் பாக்கி. இப்பப் போய்ப் பழைய சம்பந்தத்தையே பேசறியே!" அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழையதில் கட்டினால், பூஜை முடிந்த கையோடு எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டியிருக்கும், இரட்டை வேலை. ஆனால், நடக்கிற கடைக்கு இதைப் போடாதீர்கள் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருந்தார்கள். பணம் கட்டும் பக்கத்துக்கான துணை மென்பொருள் இன்னும் அதோடு சேர்த்துச் சோதிக்கப்படவே இல்லை. "தாலி ஏறலைன்னா, ஆக்கி வெச்சதையெல்லாம் யார் சார் சாப்பிடறது?" என்றேன். "நாமதான்டா!" என்றார். அறையே சிரித்தது. அதோடு விவாதம் முடிந்தது. என் கையால்தான் அதைப் போட்டேன்.

புதிய வெர்ஷன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை; பூஜைக்கு அப்பால் தள்ளிப்போனது. பூஜை விற்பனை தொடங்கிய அன்று, சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைகளை எல்லாராலும் பார்க்க முடிந்தது, கூடையில் போட முடிந்தது. பணம் கட்டப் போனால் மட்டும் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. வருஷம் முழுக்க அந்த நாட்களை நம்பியிருக்கிற மாஷிமா, டாக்ஸி பிடித்து நேரே நியூ டவுனுக்கே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. "இதைச் செய்தது யார்?" என்றார். மேனேஜர் என் தோளில் கை வைத்தார். "செலேமானுஷ், தீதி. சின்னப்பிள்ளை. புதுசைக் கண்டால் விடமாட்டான், நான் எவ்வளவோ சொன்னேன்" என்றார் வங்காளியில். கையை எடுக்காமலே தமிழில், "வாயைத் திறக்காதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். என்ன சொல்கிறீர்கள் என்று மாஷிமா கேட்டதற்கு, "ஆறுதல் சொன்னேன்" என்றார். எனக்கு அப்போது கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. அந்த 'அப்புறம்' என்னவென்று மாதக் கடைசியில் தெரிந்தது. என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மாஷிமாதான் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "உடைத்தவனுக்குத்தான் எங்கே உடைந்தது என்று தெரியும், வா" என்றார். ஸ்டேபிளைப் போட்டுச் சரிசெய்தேன். அன்றிலிருந்து அவரிடம்தான் வேலை. ஆனால் அந்தப் பெயர் என்னை விடவில்லை. "செலேமானுஷ் வந்தாச்சா? டீ கொடுங்கள்" என்பார், பிரியமாகத்தான். நான் எதைச் சொன்னாலும், "கோபிக்காதே, இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்" என்பார். காது ஓரம் நரைத்த பிறகும் என் சொல்லுக்கு அந்தக் கடையில் சாட்சி தேவைப்பட்டது. ஒருமுறை நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "கோப்பையை உடைத்தவர்கள் எல்லாரும் பூனையைத்தான் கைகாட்டுகிறார்கள்." அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம் மாஷிமாவுக்குப் புது வெப்சைட் வேண்டுமாம், பெரிதாக. மறுபடியும் ஒரு புதிய வெர்ஷன் வாசலில் வந்து நிற்கிறது. மேனேஜர் இப்போது சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறார் என்று தெரியும். அவரை அழைத்தது நான்தான். வஞ்சம் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறாய் என்று மனைவி கேட்டாள். நன்றாகவே தூங்கினேன். அவர் வந்தார், கும்பிட்டார், ஸ்டேபிள்தான் பாதுகாப்பு என்று வங்காளியில் அழகாகப் பேசினார். முடிக்கட்டும் என்று இருந்து, நான் வேண்டுமென்றே தமிழில் கேட்டேன். "சார், போன தடவை மாப்பிள்ளை வந்தாச்சுன்னீங்களே. இந்தத் தடவை என்ன, பழைய சம்பந்தமா?" திரையை நானே இழுத்துவிட்டேன். வழக்கம்போல அவர் அதன் பின்னால் போய் நின்றுகொண்டு, மேலே எழுதியதைச் சொன்னார்.

"கீ போல்சேன் உனி?" என்றார் மாஷிமா. என்ன சொல்கிறார் இவர்?

டீக் கோப்பையை ஓரமாக வைத்தேன். மேனேஜர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் வங்காளியில் சொன்னேன். 'நமக்குள்ளயே இருக்கட்டும்' என்பதையும் விடவில்லை. மேனேஜரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. வாழ்க்கையில் நான் ருசித்துப் பேசிய வங்காளி அதுதான்.

மாஷிமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "அப்படியானால் செலேமானுஷ் யார்?" என்று கேட்டார்.

மேனேஜர் வாயைத் திறந்தார். அவருடைய வலது கை தானாக எழுந்து, பக்கவாட்டில் ஒரு தோளைத் தேடிப் போனது. அன்று அவர் தனியாக வந்திருந்தார். கை காலி நாற்காலியின் முதுகில் போய் விழுந்தது. அதை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.