திரைச்சீலைக்குக் கொடுத்த புடவை

என் மாமியாரின் கல்யாணப் புடவை அரக்கு நிறம், பச்சைக் கரை. உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நெசவு பிசகியிருக்கும். அந்தப் பிசகால்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமனார் கூலிக்கு நெய்தவர். முதலாளி கழித்துவிட்ட புடவையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, அதையே கட்டச் சொல்லி அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊரெல்லாம் பட்டு, நெய்கிறவன் வீட்டுக்கு மட்டும் அது இப்படிக் கழித்துப்போட்டால்தான் வரும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டுவதுதான் என் வேலை. பட்டைப் பார்த்து உருகுகிறவள் இல்லை நான். ஆனால் அந்த ஒரு புடவையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அது கிழிந்து போகவில்லை, திருட்டுப் போகவில்லை. ஆண்டவருடைய ஆலயத்துக்கு என்று கொடுத்தோம். ஆலயத்தை நடத்துகிறவர்கள் அதை நெருப்பில் போட்டார்கள்.

எங்கள் சர்ச் ஏனாத்தூர் போகிற வழியில் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் சேர்ந்து கட்டிய ஓட்டுக் கட்டடம் அது. பிள்ளைகள் படித்து, கம்பெனி வேலைக்குப் போய், நாலு காசு பார்த்த பிறகு, ஓட்டைப் பிரித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டிக்கு ஒரு செயலாளர். எங்கள் தெருவில் பிறந்தவர்தான். காண்டிராக்ட் எடுத்து மேலே வந்தவர், அதற்கப்புறம் தெருப் பக்கம் பார்த்துப் பேசத் தெரியாதவர். அவர் ஒரு புதன்கிழமை எங்கள் பெண்கள் கூட்டத்துக்கு வந்து, "யாத்திராகமம் இருபத்தஞ்சாம் அதிகாரம் படிங்கம்மா. ஜனங்க மனசார எப்படி அள்ளிக் குடுத்தாங்கன்னு அதுல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். பாலைவனத்தில் ஆண்டவருக்குக் கூடாரம் போட்ட கதை அது. யூதர்கள் தோரா என்று சொல்லும் மோசேயின் ஐந்து புத்தகங்களில், இரண்டாவது புத்தகத்தின் பின்பாதி. சாதாரணமாக யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். பலகை எத்தனை முழம், கொக்கி எந்த உலோகம், திரைக்கு என்ன நூல் என்று பக்கம் பக்கமாகப் போகும். செயலாளருக்கு வேண்டியது அதன் முதல் சில வரிகள்தான். பெண்களுக்கு மனம் இளக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆரம்பித்ததைப் பாதியில் விட அத்தை சம்மதிக்கவில்லை.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. நான் படிப்பேன், அவர் கேட்பார். கேட்பது என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்பது இல்லை. ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே ஒரு கேள்வி இருக்கும். அதில் பாதி தப்பான கேள்வி. ஆட்டுமயிரில் கூடாரத்துக்கு மேல்மூடி செய்தார்கள் என்று படித்தால், "வெயில்ல அதுக்குள்ள குந்திக்கினா சொறி புடிக்காது?" என்பார். பொன்னைத் தகடாக அடித்து, இழையாகக் கத்தரித்து, நீலநூலோடும் சிவப்புநூலோடும் சேர்த்து நெய்தார்கள் என்ற இடம் வந்தபோது, கூட்டத்துக்கு வரும் தையல்காரப் பெண் ஒருத்தி துள்ளிக் குதித்தாள். "அக்கா, இது நம்ம சரிகைக்கா!" அன்றைக்குக் கூட்டம் முடியவே இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து, சரிகையோடு வாழ்ந்து, அது வேதத்தில் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறோமே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கூடாரத்தின் வாசலில் கூடிய பெண்கள் தங்கள் முகம்பார்க்கும் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள், அதில்தான் பலியிடும் ஆசாரியர்கள் கைகால் கழுவும் தொட்டி செய்யப்பட்டது என்று படித்தபோது, "கண்ணாடியக் குடுத்துட்டு அதுங்க எப்படிடி தல வாரிக்கினு இருந்திருக்கும்?" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தோம். அவர் மட்டும் அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

அந்தப் புத்தகத்தில் எல்லாமே இரண்டு தடவை வரும். இப்படிச் செய் என்று ஒரு தடவை. அப்படியே செய்தார்கள் என்று மறுபடி, அதே பலகை, அதே கொக்கி, அதே திரை. எங்களுக்குச் சலித்துவிட்டது. மோசே சொன்னதையே சொல்கிறாரே, தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டேன். அத்தை என்னை முறைத்தார். "சொன்னபடி செஞ்சாங்களான்னு காட்ட வேணாமா? ஜனங்க குடுத்தது எங்க போச்சுன்னு தெரிய வேணாமா? நம்ம கமிட்டிய ஒரு தபா இப்படி எழுதச் சொல்லேன் பாப்போம்." எனக்கு அதற்கு முன் வேதத்தில் சலிப்பான பக்கங்கள் உண்டு என்ற எண்ணம் இருந்தது. இப்போது அந்தப் பக்கங்களைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். வாங்கியது இது, செய்தது இது, போதும் இனிமேல் கொண்டுவராதீர்கள் என்று ஜனங்களிடம் சொல்லி நிறுத்தியது வரைக்கும் அதில் இருக்கிறது. போதும் என்று சொன்ன ஒரு கமிட்டியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

புடவையைக் கொடுக்கும் யோசனை அத்தையுடையது. எழும்பிக்கொண்டிருந்த புதிய ஆலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய திரை வேண்டும். அதை நாம் கொடுப்போம், ஆளுக்கொரு பழைய பட்டுப்புடவை போட்டு, கரையும் முந்தானையும் வெட்டிச் சேர்த்து, ஒரே திரையாகத் தைப்போம் என்றார். பட்டு இருந்தவர்கள் கொடுத்தார்கள். பெரும்பாலும் கல்யாணப் புடவைகள். சிலது அத்தையுடையதைப் போலக் கழித்துப்போட்ட புடவைகள். எல்லாம் பழைய காலத்து அசல் வெள்ளிச் சரிகை. அப்போது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டன. லெந்தில் எங்களில் கல்யாணம் இல்லை, பூ வைப்பது இல்லை. அந்த நாட்களில் ஒரு கல்யாணப் புடவையில் கத்தரி வைக்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. தையல்காரப் பெண்ணே, "ஈஸ்டர் தாண்டட்டும்க்கா, எனக்குக் கை வராது" என்றாள். அத்தையும் சரி என்றார். அந்த ஒரு சரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெட்டியிருந்தால் அது திரை. வெட்டாமல் மடித்து வைத்திருக்கும்வரை அது பழைய புடவை. செயலாளர் தானாகவே வந்து, "வீட்ல வெச்சா பூச்சி அரிக்கும், ஆலயத்து ரூம்ல இரும்புப் பெட்டி இருக்குது, அதுல வையுங்கம்மா" என்றார். அக்கறை என்று நினைத்துக் கொண்டுபோய் வைத்தோம்.

ஈஸ்டர் முடிந்து, தையல்காரப் பெண் அளவு எடுக்க டேப்போடு வந்தாள். பெட்டி காலி. பலிபீடத்துக்குப் பின்னால் ஏற்கெனவே சிவப்பு வெல்வெட் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் செயலாளரின் அப்பா நினைவாக என்று மஞ்சள் நூலில் எம்பிராய்டரி. நாங்கள் அத்தனை பேரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார்.

"பழைய துணிம்மா அதெல்லாம். புது ஆலயப் பிரதிஷ்டைக்கு சென்னைல இருந்து சீஃப் கெஸ்ட் வராரு, பழைய புடவையத் தச்சு மாட்டினா நமக்குத்தான அசிங்கம்? சரிகை எரிக்கிற எடத்துல குடுத்தோம். நெருப்புல போட்டாங்க, வெள்ளி வந்துச்சு. அதுல சீஃப் கெஸ்ட்டுக்கு ஒரு தட்டு செய்யச் சொல்லிட்டோம். ஆண்டவரு காரியத்துக்குத்தான போச்சு?"

காஞ்சிபுரத்தில் சரிகை எரிப்பது புதிய விஷயம் இல்லை. மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து பழைய பட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பட்டு கருகிப் போகும், வெள்ளி அடியில் தங்கும். விற்றவளுக்கு அது விற்றது. நாங்கள் விற்கவில்லையே.

தையல்காரப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தைதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பேசினார். "ஆரோனும் இதத்தான்யா சொன்னான்."

"யாரு?"

"மோசேவோட அண்ணன். மோசே மலைமேல இருக்கசொல்லோ ஜனங்க காதுல இருந்தத வாங்கி, கன்னுக்குட்டி செஞ்சு கும்புட வெச்சான். மோசே எறங்கி வந்து இன்னாடா இதுன்னு கேட்டதுக்கு, நெருப்புல போட்டேன், இந்தக் கன்னுக்குட்டி வந்துச்சுன்னான். தானா வந்துச்சாம்! நீயும் நெருப்புல போட்ட, தட்டு வந்துச்சு. இன்னா ஒரு அதிசயம்!"

அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள். செயலாளருக்கு முகம் இறுகியது. "வேதத்த வெச்சு கிண்டல் பண்ணாதம்மா."

"முப்பத்திரெண்டாம் அதிகாரம்பா. நீதான படிக்கச் சொன்ன? நாங்க உன்னய மாதிரி நாலு வரி படிச்சுட்டு மூடி வைக்கல."

ஆனால் புடவையைத் திருப்பிக் கேட்க முடியாது, அது இல்லை. அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "போனது போச்சு. பிரதிஷ்டை அன்னிக்கு அந்தத் தட்டக் குடுக்கசொல்லோ, இது இந்த சபைப் பொம்பளைங்க கல்யாணப் புடவைன்னு மைக்குல ஒரு வார்த்த சொல்லு. தண்ணித் தொட்டி பொம்பளைங்க கண்ணாடியில செஞ்சதுன்னு மோசே எழுதி வெச்சாரு இல்ல? அவருக்கே கொறச்சல் இல்லாதது உனக்கு இன்னா கொறச்சல்?" அவர் தலையை ஆட்டினார். "சொல்றோம்மா, சொல்றோம். இப்ப வீட்டுக்குப் போங்க."

பிரதிஷ்டை அன்று அத்தை முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பந்தல், பேண்டு வாத்தியம், பிரியாணி, எல்லாம் இருந்தது. கொடுத்தவர்கள் பெயரெல்லாம் கல்லில் வெட்டி வாசலில் பதித்திருந்தார்கள். மின்விசிறி கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. தட்டு வெல்வெட் பெட்டியில் வந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்து, "கமிட்டி சார்பாக அன்புப் பரிசு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். விருந்தாளி தட்டைத் தூக்கிக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டு அரக்குப் புடவை அதில் எந்த ஓரத்தில் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? அத்தை எழுந்தார். சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். அவர் நடுவழியாக நடந்து வெளியே போனார். நானும் தையல்காரப் பெண்ணும் பின்னால் போனோம். புடவை கொடுத்த மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. பிள்ளைக்குக் கல்யாணம் நடத்த வேண்டும், செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி வேண்டும். இரண்டுக்கும் கமிட்டியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் இவர்கள் இத்தனையும் செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு அத்தை அந்தக் கட்டடத்துக்குள் போகவில்லை. புதன்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. முதலில் மூன்று பேர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் வந்தார்கள். போதகர் ஒருமுறை வந்து, மன்னிக்கப் பழக வேண்டும் என்று பேசினார். அத்தை அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "மன்னிக்கறேன்யா. அவன் வந்து நான் செஞ்சேன்னு சொல்லட்டும். தானா வந்துச்சுன்னு சொல்றவன எப்படி மன்னிக்கறது?" என்று கேட்டார். போதகர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் செயலாளரிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. மன்னிக்கும் வேலையை எப்போதும் இழந்தவர்களிடம்தான் கொடுப்பார்கள். அதில் செலவில்லை.

போன வருஷம் அத்தை செத்துப்போனார். மூச்சிரைப்பு, இரண்டு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். வீட்டு வாசலில் பெட்டியில் கிடத்தியிருந்தோம். வெள்ளை நூல்புடவை கட்டியிருந்தோம். பட்டு கட்ட வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். எந்தப் பட்டை? செயலாளர் கமிட்டியோடு வந்தார். பெட்டியின் தலைமாட்டில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா இந்த சபைக்கு எவ்வளவோ செஞ்சவங்க" என்று ஆரம்பித்தார். பின்னால் நின்றவர் நீட்டிய பொன்னாடையை வாங்கி, விரித்து, அத்தையின் மேல் போர்த்தினார்.

"இன்னா செஞ்சாங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எவ்வளவோ செஞ்சாங்கன்றீங்க இல்ல, இன்னா செஞ்சாங்கன்னு இங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

புடவை கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை நின்றுவிட்டது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் போதகரைப் பார்த்தார். போதகர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? சாவு வீட்ல..."

நான் குனிந்து பொன்னாடையை எடுத்தேன். அந்தச் சரிகையை விரலால் நெருடிப் பார்த்தேன். பிளாஸ்டிக். நான் தினமும் தொடுகிற சாமான், தொட்டாலே தெரியும். மடித்து அவர் கையில் வைத்தேன்.

"இத எரிச்சா ஒண்ணும் வராதுங்க. எடுத்துக்கினு போங்க."

அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். தையல்காரப் பெண் எழுந்து வந்து, அத்தையின் நூல்புடவையைக் கால்வரை இழுத்துச் சரிசெய்தாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆண்கள் வந்தபோது, "நில்லுங்க" என்றாள் ஒருத்தி. பிரதிஷ்டை அன்று உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவள் அவள். "இவங்க எங்க புடவைக்காக நின்னவங்க. நாங்க தூக்கறோம்" என்றாள். எங்கள் தெருவில் பெண்கள் பெட்டி தூக்கியது அன்றுதான் முதல் தடவை. கமிட்டியில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டோம்.