எடுக்கக் கூடாத போன்

கெர்கென்னா தீவில் ஜலீலாவுக்கு 'டவர் சாய்ப்பவள்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒரு போன் கம்பெனியில் அவளுக்கு வேலை. பழைய டவர்களை மூடுவதற்கு முன்னால், மூடினால் எத்தனை வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் 'பாதிப்பில்லை' என்று எழுதிவிட்டால் அந்த டவர் போனது போனதுதான். காலைக் கப்பலில் போய் மாலைக் கப்பலில் திரும்புவாள். கெட்டிக்காரி. தன் மாமனார் வீட்டுக்குப் பக்கத்து டவரையே தயவு தாட்சண்யம் இல்லாமல் மூடச் சொன்னவள், வேறு யாருக்காக ஒரு எழுத்தை மாற்றிப் போடப் போகிறாள்?

தீவின் வடக்கு முனையில் இருந்த டவரும் ஒரு நாள் அவள் கைக்கு வந்தது. கணக்கைப் பார்த்தாள். அந்த டவர் வழியாக யாரும் பேசியதாகவே தெரியவில்லை. பக்கத்து வீடுகளுக்கு அடுத்த டவர் தாராளமாக எட்டும். இதை மூடினால் கடலுக்குத்தான் சிக்னல் இருக்காது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று படகுத்துறைக்கே போய், கடலிலிருந்து போன் பேசுவீர்களா என்று கேட்டாள். மீனவர்கள் சிரித்தார்கள். பேசுவதா? காசு என்ன மரத்திலா காய்க்கிறது? வீட்டில் புருஷன் அமோரையும் கேட்டாள். அவனும் மீன்பிடிக்கிறவன்தான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் கடலிலிருந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா என்று திருப்பிக் கேட்டான். நியாயம்தானே! 'பாதிப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இனி சில நாள் டவரை அணைத்து வைத்துப் பார்ப்பார்கள். புகார் வராவிட்டால் பிரித்து எடுத்துவிடுவார்கள்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடலிலிருந்து அங்கே யாரும் பேசுவதில்லை, மிஸ்டு கால்தான் கொடுப்பார்கள். ஒரு தடவை வந்தால், படகைத் திருப்பிவிட்டேன், குஸ்குஸ் ரவையை அடுப்பில் ஏற்று என்று அர்த்தம். இரண்டு தடவை வந்தால் கோளாறு, யாரையாவது அனுப்பு. எடுத்துவிட்டால் காசு போய்விடும். தவறி எடுத்துவிட்டவளை ஊரே கேலி செய்யும். மூச்சு விடுவதை யாராவது வேலை என்பார்களா? அப்படித்தான், மிஸ்டு காலை அந்தத் தீவில் ஒருவரும் போன் என்றே நினைத்ததில்லை. ஜலீலாவும் நினைக்கவில்லை, இத்தனை படித்தும்.

வேலை நாட்களில் அமோர் தன் தங்கை சல்ஹாவுக்குத்தான் மிஸ்டு கால் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜலீலாவுக்கு. அந்த ஞாயிறு, மீன் குழம்பு கொதித்து இறங்கியும் போன் அடிக்கவில்லை. மதியம் தாண்டியது. மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. அவள் படகுத்துறைக்கு ஓடினாள். அங்கே சல்ஹா தன் புருஷன் மொங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே கேளு அண்ணி. மூணு நாளா இவருகிட்ட இருந்து ஒரு மிஸ்டு கால் கிடையாது. கேட்டா டவர் கிடைக்கலங்கறாரு. அந்தா நிக்குது டவரு, ஈச்சமரம் மாதிரி. இவருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

வீட்டுக்கு வீடு இதே சண்டைதானாம். கம்பெனிக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று ஜலீலா கேட்டாள்.

"காசு குடுக்காத விஷயத்துக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் புகார் சொல்றது?" என்றாள் சல்ஹா.

ஜலீலா டவரை நிமிர்ந்து பார்த்தாள். டவர் நிற்கிறது, ஆனால் அதில் உயிர் இல்லை. அதை எடுத்தது அவள் கையெழுத்து. மொங்கியிடம் உடனே படகை எடுக்கச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், மறுபேச்சு பேசாமல் கிளம்பினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மொங்கி, அமோரின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். காலையிலேயே என்ஜின் நின்றுபோயிருக்கிறது. ஆழமில்லாத கடல் என்பதால் அமோர் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளிப் பார்த்திருக்கிறான். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது.

"ரெண்டு தடவ குடுத்தேன். திரும்பத் திரும்பக் குடுத்துப் பாத்தேன். ஒருத்தரும் வரல" என்றான்.

"எனக்கு வரவே இல்ல. டவர அணைக்கச் சொன்னது நான்தான்" என்றாள் ஜலீலா.

அவன் படகைத் துறையில் கட்டினான். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோபமா வேறு எதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயம்.

மறுநாள் மேலாளர் தௌஃபீக்கிடம் போய், நான் எழுதியது தப்பு, இன்றைக்கே டவரைப் போடுங்கள் என்றாள். டவர் அணைவதற்கு முன்னால் வந்த, எடுக்காத அழைப்புகளையும் எண்ணச் சொல்லிக் கணக்கை வாங்கிக் காட்டினாள். கொட்டிக் கிடந்தன.

"இதுல கம்பெனிக்கு என்ன வரும்? அது கிடக்கட்டும், இதுல உன் சொந்தக்காரங்க எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"அந்தத் தீவுல எல்லாருமே சொந்தம்தான் சார். என் புருஷனும் இருக்காரு."

தௌஃபீக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே இருக்கிறவர்கள் பேச்சை மட்டும்தான் எண்ணுவார்கள். டவரைப் போடச் சொன்னார். ஒரு மாதத்தில் கணக்கில் பேச்சு ஏறினால் டவர் இருக்கும், ஏறாவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஜலீலா துறைக்குப் போய், இனிமேல் போனை எடுங்கள், ஒரு வார்த்தையாவது பேசுங்கள் என்று பெண்களிடம் சொன்னாள். ஓசியில் நடந்த காரியத்துக்கு இனிக் காசா, அப்படியே எடுத்தாலும் இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது என்று சல்ஹா நொடித்தாள். பிறகு அண்ணன் கையை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, சரி என்றாள். வீட்டில் அமோரிடமும் ஜலீலா சொன்னாள். அவன் வலையைச் சிக்கெடுத்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்றே பழகின கை, லேசில் நீளவில்லை. எடுத்தாள்.

"எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்ல?" என்றான் அமோர்.

"எதாச்சும் சொல்லு. கணக்குல ஏறணும்."

என்ஜின் சத்தம் நின்றது. வைத்துவிட்டானோ என்று நினைத்தாள்.

"அன்னிக்குக் காத்து ஆழத்துக்கு இழுத்துட்டுப் போயிருச்சு. கழி தரையத் தொடல, ஜலீலா. ரொம்பப் பயந்துட்டேன். உன் பேரச் சொல்லிக் கத்தினேன்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். காசு போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருமே வைக்கவில்லை.