தொட்டியில் கவிழ்த்த மருந்து

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் சும்மா உட்காரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சிங்காநல்லூரில் அப்பாவுக்கு லேத் பட்டறை இருந்தது. அதன் பின்பக்கக் கொட்டகையில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு, பித்தளைச் சாமான்களுக்குச் செம்பு முலாம் பூச ஆரம்பித்தாள். முலாம் என்னவோ ஏறியது. தடவினால்தான் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

அப்பா கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வழுவழுன்னு வந்தா கொட்டாய் உன்னுது அம்மணி. இல்லாட்டி கிணத்துக்கடவுக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்." கிணத்துக்கடவுக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். எனக்கு ஒன்பது வயது. கல்யாணம் வந்தால் பட்டுப்பாவாடை நிச்சயம். இருந்தாலும் நான் அத்தை கட்சி.

தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ரப் பசையோடு ஏதோ பொடி சேர்த்துக் கரைத்த தண்ணீரை அத்தை 'மருந்து' என்பாள். முலாம் வழவழப்பாக ஏறுவதற்காக அதைத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவாள். திங்கட்கிழமை ஐந்து சொட்டு, செவ்வாய்க்கிழமை மேலும் இரண்டு. சொரசொரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமைக்குள் எங்கே முடிவது? புதன்கிழமை மதியம் அவள் சாப்பிடப் போன நேரம், புட்டியை முழுசாகத் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். புண்ணியம் செய்த நிம்மதியோடு மத்தியானப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சாயங்காலம் எடுத்த தகடு பளபளவென்று மின்னியது. அப்பா அதை வளைத்துப் பார்த்தார். செம்பு வெங்காயச் சருகாக உரிந்து விழுந்தது.

"என்ன அம்மணி இது?"

அத்தை காலிப் புட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாந்தானுங்கண்ணா அளவு தெரியாம ஊத்திப்போட்டேன். இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்களே."

அந்த இரண்டு நாளும் அவள் உட்காரவே இல்லை. சிரட்டைக்கரியை இடித்துத் தொட்டியில் கொட்டிக் கலக்கினாள். மிஞ்சிய மருந்தைக் கரி இழுத்துக்கொள்ளுமாம். அப்பாவின் வேட்டியை எடுத்து வடிகட்டினாள். புதிதாக மருந்து கரைத்து, மறுபடி முதல் சொட்டிலிருந்து எண்ணி, ஒன்பதோடு நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை அப்பா தகட்டை வளைத்தார், நிமிர்த்தினார், நகத்தால் சுரண்டினார். பிறகு கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"கிணத்துக்கடவுக்கு நானே போயிச் சொல்லிப்போட்டு வாரேன்," என்றார்.

அத்தை ஜெயித்ததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே, அவள் மேல் லேசான வருத்தமும் இருந்தது. அவளே அளவு தெரியாமல் ஊற்றியதாகச் சொன்னதை நான் அப்படியே நம்பிவிட்டேன்; தகடு மின்னியது நான் கவிழ்த்ததால், உரிந்தது அவள் முன்பே ஊற்றியதால் என்பது என் கணக்கு. இவ்வளவு படித்தவள் இப்படியா கவனமில்லாமல் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். தங்கைக்கு இந்த வேலை தெரியாது என்று அப்பா முடிவு கட்டக் காத்திருந்த வாரம் அது. அந்த வாரத்தில் போய், தனக்கு அளவு தெரியவில்லை என்று அவள் யாருக்காகச் சொன்னாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.